மூன்றாம் ஓலை

உபதேசியார் அந்தக் காகிதத்தை எடுத்து விசிறிக்கொள்ளத் தொடங்கியதும் பியூலாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அது எந்தக் காகிதம் என்று உறைத்தது. கரண்டு போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். நல்லான்விளைக் கோயிலில் மின்விசிறி நின்றால் வெக்கை எங்கிருந்துதான் வருமோ, பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் முழுவதும் முக்காட்டு நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. மேலே நின்று பிரசங்கம் பண்ணுகிற தவசிமுத்து உபதேசியார், பாவம், கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு உள்ளே அவிந்துகொண்டிருந்தார். கையில் அகப்பட்டதை எடுத்து விசிறினார். அகப்பட்டது அவளுடைய ஓலை. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆராதனை தொடங்கும் முன் சபைச் செயலாளர் எபனேசர் அதை அவர் கையில் கொடுத்ததையும், அவர் அதை மடித்து வேதப்புத்தகத்துக்குள் செருகியதையும், பிரசங்கத்துக்குப் பக்கம் திருப்பியபோது அதன் மஞ்சள் ஓரம் எட்டிப் பார்த்ததையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். பெயர்தான் ஓலை, பனையோலையெல்லாம் எந்தக் காலத்திலோ போய் இப்போது கோடு போட்ட காகிதம். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மாப்பிள்ளை ஊரிலும் பெண் ஊரிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபை நடுவே வாசிக்க வேண்டும். மூன்றும் முடிந்தால்தான் தாலி. இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது இன்றைக்கு. கல்யாணம் வருகிற வியாழக்கிழமை. நாற்பத்திரண்டு வயதில் பியூலாவுக்கு வாய்த்திருக்கிற கல்யாணம் அந்த வேர்வை பிடித்த காகிதத்தில் இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டிருந்தது. பார்த்து, அய்யா, கிழிந்துவிடப் போகிறது.

அவள் இந்தக் கோயிலில் கேட்ட ஓலைகளுக்குக் கணக்கில்லை. கிராமச் செவிலியர் வேலை அவளுக்கு. இருபது வருஷமாக இந்த ஊரிலும் சுற்று ஊர்களிலும் பிள்ளைகளைப் பிடித்து வைத்து ஊசி போட்டவள். பத்து வயதில் ஊசிக்குப் பயந்து வீட்டைச் சுற்றி ஓடி, ஆட்டுக் கொட்டிலில் ஒளிந்து, கடைசியில் அவள் மணிக்கட்டைக் கடித்து வைத்த ஷைனியின் ஓலையைக்கூட இங்கேதான் வாசித்தார்கள். ஷைனிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், அதுகளுக்கும் பியூலாதான் ஊசி, அதுகளும் கடிக்கின்றன. ஒவ்வொரு ஓலைக்கும் பெண்கள் பக்கத்தில் ஒரு சின்ன அசைவு உண்டாகும், தலைகள் திரும்பிக் கல்யாணப் பெண்ணைத் தேடும், பிறகு, இதுதான் அவளுக்குப் பொறுக்காது, அந்தத் தலைகளில் நாலைந்து இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பி அவளைப் பார்க்கும். வெளியே வந்து செருப்புத் தேடும்போது தோளைத் தட்டி, கர்த்தருடைய வேளைன்னு ஒண்ணு இருக்கு மக்கா, என்று சொல்லப் போகிற பார்வை. கர்த்தருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாதா என்று அவள் ஒருமுறை வாய்விட்டே கேட்டிருக்கிறாள். கேட்டது அடுத்த வீட்டு டெய்சி மைனியிடம் என்பதால் வெளியே போகவில்லை. அவளுக்கே ஓலை வாசிக்காமல் இல்லை. இருபத்து நாலு வயதில் வாசித்தார்கள். முதலாம் ஓலை, இரண்டாம் ஓலை. மூன்றாம் ஞாயிறு பச்சைச் சேலை கட்டிக்கொண்டு இதோ இந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், பச்சை அவளுக்கு எடுப்பாக இருக்கும் என்று அம்மா சொன்னதால். அன்றைக்கு இருந்த குருவானவர் அறிவிப்புகளை வாசித்தார், உபவாசக் கூட்டம், சுண்ணாம்பு அடிக்கிற விஷயம், பாலர் பள்ளிக்கு ஆள் தேவை. அப்புறம் பாட்டு எண் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். எல்லாரும் எழுந்து பாடினார்கள், அவளும் எழுந்து பாடினாள், ஏதோ மறந்துவிட்டார், கடைசியில் ஞாபகம் வந்து வாசிப்பார் என்று நினைத்துக்கொண்டே பாடினாள். ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தபோது அப்பாவின் தலை குனிந்திருந்தது. அவருக்குக் காலையிலேயே ஆள் வந்து சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கு இஷ்டமில்லை. மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கோயிலுக்குப் போய் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பச்சைச் சேலையை அவள் அப்புறம் கட்டவே இல்லை. இன்றைக்கு அவள் கட்டியிருப்பது பழுப்பு நிறம், வேண்டுமென்றே, எதையும் எதிர்பார்க்காதவள் கட்டுகிற நிறம்.

இஷ்டமில்லாமல் போனதற்குக் காரணம் ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தக் காரணத்தின் முதுகு இப்போது அவளுக்கு இரண்டு முழம் முன்னால் இருந்தது. ஹெப்சிபாய் பெரியம்மை. அந்த மாப்பிள்ளைக்கு அம்மாவின் அக்காள். பெண்ணுக்கு நாலு வயதில் வலிப்பு வந்தது, நான் கண்ணால் கண்டேன் என்று தங்கச்சி வீட்டில் போய்ச் சொன்னது அவள்தான். வந்தது உண்மை. காய்ச்சல் ஏறி ஒரே ஒரு தடவை, நாலு வயதில். எத்தனையோ பிள்ளைகளுக்கு வருகிறதுதான், பியூலாவே நூறு தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறாள், பயப்படாதீங்க, ஈரத்துணி வச்சுத் துடைங்க என்று. அவளுக்காகச் சொல்லத்தான் அன்றைக்கு யாரும் இல்லை. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு சம்பந்தமும் இந்த ஊர் எல்லைக்குள் கால் வைக்கும்போது அந்த வலிப்பும் கூடவே வந்து நின்றது. பெரியம்மைக்குச் சர்க்கரை. வீடு வீடாகப் போகிற வேலையில் அந்த வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியுமா? மாதம் ஒருமுறை போய் உட்கார்ந்து, அந்த விரலைப் பிடித்துக் குத்தி ரத்தம் எடுத்து, இவ்வளவு இருக்கு பெரியம்மை, பழம் சாப்பிடாதீங்க என்று சொல்லிவிட்டு வருவாள். ஒருநாளும் வேண்டுமென்றே ஆழமாகக் குத்தியதில்லை. ஒரே ஒருநாளைத் தவிர. அன்றைக்குப் பெரியம்மை ஸ் என்று கையை இழுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள், மறுபடி கையை நீட்டினாள். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை. எதைப் பற்றியும் பேசியதில்லை. முதலாம் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் பெரியம்மை ஊரில் இல்லை, மகன் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போயிருந்தாள், பியூலா அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்கூடச் சொல்லிவிட்டாள், வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னாள். இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் வருவாள் என்றார்கள். இன்று காலை மணி அடிக்கும் முன்பே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எதற்கு வந்தாள்? யாராவது சொல்லியிருப்பார்கள், பியூலாவுக்குக் கல்யாணமாம் என்று. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று உபதேசியார் கேட்பார். சட்டப்படி கேட்க வேண்டும். வழக்கமாக அந்தக் கேள்விக்குப் பிறகு மூச்சு விடுகிற நேரம்கூடக் கிடையாது, உடனே அடுத்த வரி வந்துவிடும், இருந்தாலும் எழுந்திருக்க நினைக்கிறவளுக்கு அது போதும். உபதேசியார் இன்றைக்கு எடுத்துக்கொண்டிருந்த பொருள் நாவடக்கம். நாவைக் காத்துக்கொள்வது பற்றி அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பெரியம்மையின் வெள்ளைத் தலை ஆமாம் ஆமாம் என்று ஆடிக்கொண்டிருந்தது.

பியூலா கர்த்தரோடு பேச்சை நிறுத்தியது முப்பத்து மூன்று வயதில். எல்லாப் பேச்சையும் இல்லை. நோயாளிகளுக்காகக் கேட்பாள், அப்பாவின் காதுக்காகக் கேட்பாள், பிரசவ வலியில் இருக்கிறவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்போது வழியெல்லாம் கேட்பாள், அப்பாவின் காதைத் தவிர எல்லாம் அவர் தட்டாமல் செய்துகொடுத்தார், அதுதான் இன்னும் கோபம். இந்த ஒன்றை மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டாள். தருவதானால் தாரும், தராவிட்டால் போம், இனிமேல் நான் வாயைத் திறக்கமாட்டேன். அப்படிச் சொல்லிவிட்ட அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மா நிறுத்தவில்லை. அம்மாவின் விண்ணப்பம் வாயில் இல்லை, அரிசியில் இருந்தது. உலை வைக்கிறபோதெல்லாம் களைவதற்கு முன் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தகரடப்பாவில் போடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து வாசலில் இருக்கிற மரப்பெட்டியில் கொட்டிவிடுவார்கள். அம்மா அந்த ஒரு பிடியைப் போட்டுவிட்டு, இரண்டு விரலால் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுவாள். இது எதுக்கும்மா என்று கேட்டால், அது ஒனக்குட்டி, என்பாள். வேறு வார்த்தை கிடையாது. அம்மா போய் ஆறு வருஷம். அடக்கம் முடிந்து உறவெல்லாம் கலைந்து போன மறுநாள் பியூலா உலைக்கு அரிசி அளந்தாள், ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டாள், பிறகு அவள் கை தானாகவே போய் இரண்டு விரலால் கொஞ்சம் அள்ளியது. அவள் நின்று அந்தக் கையைப் பார்த்தாள். திரும்பக் கொட்டிவிடலாமா என்றுகூட நினைத்தாள், கோபம்தான் இருக்கிறதே. கொட்டவில்லை. அன்றிலிருந்து இன்று காலை வரைக்கும், வாய் நிறுத்தியதைக் கை நிறுத்தவில்லை. இதற்குப் பெயர் விசுவாசமா, பழக்கமா, அம்மாவின் பிடிவாதம் பிள்ளைக்கு இறங்கியதா, அவளுக்குத் தெரியாது. இப்போதுகூட நகத்துக்கு அடியில் அரிசி மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. நேரமில்லாமல் சரியாகக் கழுவாமல் வந்துவிட்டாள். உமக்குத் தெரியும்தானே, நான் கேட்கவில்லை, ஆனால் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். எண்ணிப் பாரும் வேண்டுமானால்.

அதை எண்ணிப் பார்த்துத்தான் அவர் பிரிட்ஜைப் பழுதாக்கினாரோ என்னவோ. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி மருந்து வைக்கிற குளிர்பெட்டி போன ஆவணியில் படுத்துவிட்டது, அதைப் பார்க்க நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் ஆசீர். நாற்பத்தாறு வயது, மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் பத்து வருஷம் பார்த்து அடக்கம் பண்ணி, தலை நிமிர்ந்து பார்த்தால் முடி நரைத்திருந்தது என்று அவரே பிறகு சொன்னார், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவர் சொல்கிறமாதிரி, வருத்தமில்லாமல். முதல் தடவையிலேயே பெட்டி சரியாகிவிட்டது. இருந்தாலும் அடுத்த வாரம் வந்து பார்த்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். அந்த மூன்றாவது தடவை பியூலா ஐஸ் துண்டுகளை அடுக்கிக்கொண்டே, பெட்டி நல்லாத்தான ஓடுது, என்றாள். அவர் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டு, ஆமா, பெட்டி நல்லாத்தான் ஓடுது, என்றார். காது சிவந்துவிட்டது, நாற்பத்தாறு வயதுக் காது. பெண் கேட்டு ஆள் வந்த அன்றே அவள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள், யாரோ சொல்லித் தெரிவதற்கு முன் தானே சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணி, எனக்கு நாலு வயசுல வலிப்பு வந்துருக்கு. அவர் யோசித்தார். "நாலு வயசுல நான் கெணத்துல விழுந்துருக்கேன். அதச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க." அன்றைக்கு அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக இந்த விஷயத்தைப் பற்றிக் கர்த்தரிடம் வாயைத் திறந்தாள். சொன்னது ஒரே ஒரு வாக்கியம். விளையாடமாட்டீரே?

கரண்டு வந்தது. எட்டு மின்விசிறியும் ஒன்றாகக் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கவும், பெண்கள் பக்கத்திலிருந்து பெருமூச்சு எழும்பியது. உபதேசியார் விசிறுவதை நிறுத்தினார். காகிதத்தை வைக்க இடம் தேடினார். வேதப்புத்தகம் பிரசங்கப் பக்கத்தில் விரிந்து கிடந்தது, காற்றில் பறந்துவிடுமே என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்தில் இருந்த பாட்டுப்புத்தகத்தைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். பியூலா பார்த்துக்கொண்டே இருந்தாள். அய்யா, பாட்டுப்புத்தகத்துக்குள் வைக்கிறீர். ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிரசங்கம் முடிந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு அறிவிப்புத் தாளை எடுத்தார். அசனப் பண்டிகை விருந்துக்கு விறகு கொடுக்கிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பெண்கள் ஐக்கியக் கூட்டம் புதன்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு மேலே ஆடு ஏறுகிறது, ஆடு வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். அவள் ஒவ்வொரு வரி முடிவிலும் அடுத்தது நம்முடையது என்று முதுகை நிமிர்த்தினாள். அடுத்தது நம்முடையது. ஆண்கள் பக்கம் கண் போயிற்று. அப்பாவின் தலை குனிந்திருந்தது. ஏன் குனிந்திருக்கிறது? அப்போதுதான் அது ஞாபகம் வந்தது, காலை ஆறு மணிக்கு வந்த போன். காது கேட்காத மனிதர் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும், ஆனால் இன்றைக்குப் புறவாசல் பக்கம் போய்ப் பேசினார். அவளுக்குக் கேட்டது ஒரே ஒரு துண்டு. "வேண்டாம்னா வேண்டாம்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா." அதற்குப் பிறகு இடியாப்பத்தில் இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதை ஒதுக்கி வைத்தார். மூன்றாவதை. யார் வேண்டாம் என்றார்கள்? இத்தனை நாள் கழித்து எதற்கு வேண்டாம் என்றார்கள்? பெரியம்மை விடியக்காலையில்தானே ஊருக்கு வந்திருப்பாள், வந்ததும் போன் பண்ணியிருப்பாளோ, நாகர்கோவிலில் அவளுக்கு ஆள் இல்லையா என்ன. எபனேசர் கொடுத்த காகிதம் ஓலைதான் என்று எப்படித் தெரியும், மஞ்சள் காகிதத்தில் வேறு எதையும் எழுதக்கூடாதா. அப்படியானால் உபதேசியாருக்கும் தெரியும். அதனால்தான் விசிறினார். வாசிக்கப் போகிற காகிதத்தை யாராவது விசிறுவார்களா? இந்தக் கோயிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அன்றைக்குப் போலவே, அவளைத் தவிர எல்லாருக்கும். அன்றைக்கும் அறிவிப்பு மூன்றுதான். இன்றைக்கும் மூன்று. உபதேசியார் அறிவிப்புத் தாளை மடித்தார். "காணிக்கைப் பாட்டு, எண் இருநூற்றுப் பத்தொன்பது," என்றார்.

சுற்றிலும் புத்தகத்தின் தாள்கள் புரளுகிற சத்தம். அவளுடைய கையும் புரட்டியது, இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பதினைந்து, கைக்கு என்ன தெரியும், அது அரிசி போடுகிற கை, சொன்னதைச் செய்கிற கை. எழுந்து கேட்டால் என்ன? அய்யா, எங்க ஓலை என்று கேட்டால் என்ன? ஒரு பெண் தன் கல்யாண ஓலையைத் தானே எழுந்து கேட்பதா, ஊர் சிரிக்குமே, சிரிக்கட்டும், அது பரவாயில்லை, ஆனால் எழுந்து கேட்டபிறகு உபதேசியார் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அது வந்தும்மா, அப்புறம் பேசிக்கிடலாம், என்று சொன்னால்? கேட்காமல் இருந்தால் மறந்துவிட்டார் என்று இந்தப் பாட்டு முடிகிற வரைக்குமாவது நினைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அப்படித்தான் ஆறு சரணம் நினைத்துக்கொண்டாள். இல்லை, இனி ஒருதரம் அது முடியாது. ஆறு சரணம் இனிமேல் தாங்காது. கர்த்தரே, விளையாடமாட்டீர் என்றுதானே நான் நினைத்தேன். அவள் உள்ளங்கையைப் பாயில் ஊன்றினாள். ஊன்றிய கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பயமாக இருந்தது, வெறும் பயம், இருபத்து நாலு வயதுப் பெண்ணின் பயம் அப்படியே வாடாமல் உள்ளே இருந்தது. ஆர்மோனியம் ஒரு தடவை மூச்சு இழுத்தது. மறுபடியும் ஊன்றினாள். அப்போது அவளுக்கு முன்னால் அந்த முதுகு அசைந்தது. ஹெப்சிபாய் பெரியம்மை ஒரு கையைத் தரையிலும் இன்னொரு கையைத் தூணிலும் வைத்து, முட்டி மடக்கென்று சத்தம் போட, மெள்ள மெள்ள எழுந்துகொண்டிருந்தாள். பாட்டுக்கு எழுந்திருக்கிற எழுச்சி இல்லை, இன்னும் யாருமே எழவில்லை. அவள் ஒருத்திதான். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. போயிற்று, என்று நினைத்தாள் பியூலா. இவ்வளவுதான்.

"உபதேசியாரே," என்றாள் பெரியம்மை. ஆர்மோனியம் நின்றது. "ஓலை வாசிக்கலையே?"

உபதேசியார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"பியூலாவுக்க மூணாம் ஓலை. இதக் கேக்கத்தாம் நான் ராவெல்லாம் பஸ்ல முழிச்சிருந்து வந்துருக்கேன். நீரு அத விசிறிட்டுப் பாட்டுப் புஸ்தகத்துல வச்சிட்டீரு."

உபதேசியார் நாக்கைக் கடித்துக்கொண்டார், அத்தனை நேரம் அந்த நாக்கைப் பற்றித்தான் பேசியிருந்தார் என்பதால் ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் பாட்டுப்புத்தகத்தைக் கவிழ்த்து உதறினார். மஞ்சள் காகிதம் விழுந்தது, மின்விசிறிக் காற்றில் இரண்டு அடி ஓடியது, எபனேசர் பாய்ந்து பிடித்துக் கொடுத்தார். பெரியம்மை உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். உபதேசியார் வாசித்தார். நாகர்கோவில், காலஞ்சென்ற பொன்னையா அவர்களின் குமாரன் ஆசீர். நல்லான்விளை, இஸ்ரவேல் அவர்களின் குமாரத்தி பியூலா. தன் பெயரை ஒரு ஆள் சத்தமாகச் சொல்லக் கேட்பது இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அவளுக்கு இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லவில்லை. இவர்கள் இருவரையும் விவாகத்தில் சேர்ப்பதற்குத் தடையாக உங்களில் யாருக்காவது ஏதாவது தெரிந்திருந்தால் இப்பொழுதே எழுந்து சொல்லவேண்டும். சொல்லிவிட்டு உபதேசியார் நிறுத்தினார், ஏற்கெனவே ஒருத்தி எழுந்து நிற்கிறாளே என்று குழம்பித்தான் நிறுத்தியிருக்க வேண்டும். கோயிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பெரியம்மை மெதுவாகத் திரும்பினாள். பெண்கள் பக்கம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தாள், அப்புறம் ஆண்கள் பக்கம் பார்த்தாள், ஒவ்வொரு முகமாக, எவளாவது எவனாவது வாயைத் திறந்து பாருங்கள் பார்ப்போம் என்கிற மாதிரி. ஒருவரும் திறக்கவில்லை. கடைசியில் அவள் கண் பியூலாவிடம் வந்தது, ஒரு நொடி நின்றது, கீழே இறங்கிவிட்டது. "இது மூன்றாம் முறை," என்று வாசித்து உபதேசியார் காகிதத்தை மடித்தார். பியூலாவின் உடம்பிலிருந்து என்னவோ ஒன்று இறங்கிப் பாயில் ஊறிப் போனது போல் இருந்தது. மூச்சு வந்தது. மூச்சு என்பது இப்படித்தான் இருக்குமா, இத்தனை நாள் பாதி மூச்சில்தான் ஓடிக்கொண்டிருந்தோமா.

"வாசிச்சாச்சா?" என்று அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து கேட்டார். தூக்கத்திலிருந்து விழித்த குரல், காது கேளாதவர் குரல், கோயில் முழுவதும் கேட்டது. தலை குனிந்திருந்தது தூங்கித்தான். காலையில் போனில் வேண்டாம் என்றது பந்தல்காரராகத்தான் இருக்கும், கல்யாணக் கொட்டகை வாடகைச் சண்டை அவரோடு ஒரு வாரமாக நடக்கிறதே. மூன்றாவது இடியாப்பம் வேகாமல் இருந்தது, அவளுக்கே தெரியும், அவள்தானே அவித்தாள்.

"வாசிச்சாச்சு அண்ணாச்சி," என்றாள் பெரியம்மை. "ஒரு தடையும் இல்ல."

சபை சிரித்தது. ஆர்மோனியம் மறுபடி தொடங்கியது. எல்லாரும் எழுந்திருக்கிற நேரத்தில் பெரியம்மைக்கு உட்கார வேண்டியிருந்தது, நின்று நின்று கால் நடுங்கிவிட்டது. தூணை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினாள். யார் பிடிப்பார்கள் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. பியூலா பிடித்தாள். அவளுக்கு மனப்பாடமான கை அது, ஆள்காட்டி விரலின் நுனி தோல் தடித்து, ஊசி பட்டுப் பட்டுக் காய்த்துப் போன விரல். அதைப் பிடித்து மெள்ளப் பாயில் இறக்கி உட்காரவைத்தாள். கையை எடுக்கப் பார்த்தாள், பெரியம்மை விடவில்லை.

"ஏட்டி," என்றாள், முகத்தை முன்னாலேயே வைத்துக்கொண்டு. "வியாழக்கெழம எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்குப் பெரியம்மை."

"நான் வெள்ளனே வந்து முன்னால உக்காந்துக்கிடுதேன்." பிறகு பாட்டுச் சத்தத்துக்குள் பாதி கேட்டும் கேட்காமலும், "அன்னைக்கு நான் வாய வச்சுட்டுச் சும்மா இருந்துருக்கலாம் மக்கா," என்றாள்.

பதினெட்டு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்குப் பியூலா எத்தனையோ பதில்கள் தயார் பண்ணி வைத்திருந்தாள், குளிக்கும்போது, சைக்கிள் மிதிக்கும்போது, ஊசியில் மருந்து ஏற்றும்போது. ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. சாயங்காலம் வாரேன், சுகர் பாக்கணும், என்று மட்டும் சொன்னாள். பெரியம்மை தலையை ஆட்டினாள். பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்திருந்தது. காணிக்கைப் பை வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது. பியூலா வாயைத் திறந்தாள், குரல் கரகரத்தது, பிறகு வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே வந்தது, டெய்சி மைனி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. கண்ணீர் பாட்டுக்கு இடைஞ்சலாக மூக்குக்குள் இறங்கியது. அவள் துடைக்கவில்லை, ஒரு கையில் புத்தகம் இருந்தது, இன்னொரு கை பெரியம்மையிடம் இருந்தது. சரி, கர்த்தரே, என்றாள் உள்ளுக்குள். சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்தச் சபையில் இத்தனை வாய் இருக்க, நீர் போய் இந்த வாயைத்தானா தேடிப் பிடித்தீர்?